மணி ஐயரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பகலில் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, கோர்ட் நேரம் என்று விட்டுவிடுவேன். ராத்திரி செய்தால் ஸ்விட்ச் ஆஃப். வாட்ஸப்பில் நாலு வரிக்கு மேல் எழுதினால் படிக்காமலே கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவாய். அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற கோர்ட் ஊழியர்கள் நாங்கள் மாதாமாதம் கூடுகிறோமே, அதில் அடுத்த கூட்டத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்பார்களே, அவரைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். சட்டம் தெரிந்தவள் நீ. ஒரு தடவை பார்த்துச் சொல்வாய் என்றுதான் எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

அவர் நம்ம ஊர்க்காரர். 1842இல் பிறந்தவர். அப்பா ராமநாதபுரம் ஜமீனுக்கு வக்கீலாக இருந்தார். பையனுக்கு இரண்டு வயதில் இறந்துவிட்டார். படிப்பு மதுரையிலேயே. அப்புறம் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா வேலை. குமாஸ்தா, பாப்பா! எங்கள் கூட்டத்தில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள் பார். வக்கீல் பரீட்சை எழுதித் தேறினார், ஆனால் சன்னது, அதாவது தொழில் செய்ய அனுமதிப் பத்திரம், கிடைக்கவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. வேலையில் இருந்துகொண்டே மறுபடி படித்து 1868இல் பி.எல். முடித்து, அடுத்த வருஷம் இங்கேயே வக்கீலாகப் பதிவு செய்தார். பதினைந்து வருஷத்துக்கு மேல் மதுரை கோர்ட்டில்தான் தொழில்.

நீ முதல் தடவை நேர்முகத்தில் தவறியபோது கதவைச் சாத்திக்கொண்டு படுத்தது நினைவுக்கு வருகிறது. அப்போதும் அம்மாதான் வெளியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருஷம் நீ தேறியபோது நம் தெருவில் நான் யாரையும் விட்டு வைக்கவில்லை, அதுவும் உனக்குத் தெரியும். பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் கட்டு எடுத்துக் கொடுத்தே சர்வீஸை முடித்தவன் நான். என் மகள் மேலே உட்கார்ந்திருக்கிறாள். இதை உன் சித்தப்பா முன்னால் சொன்னால் ‘அண்ணன் ஆரம்பிச்சிட்டாரு’ என்பான். சொல்லட்டும். திருமங்கலம் விஷயத்தில் அவன் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஓட்டல் சாப்பாடே போதும் என்று இருக்காதே.

1884இல் மணி ஐயரைச் சென்னைச் சட்டசபைக்கு நியமித்தார்கள். அடுத்த வருஷம் சென்னைக்கே குடிபோனார். அந்த டிசம்பரில் பம்பாயில் காங்கிரசின் முதல் கூட்டம், 72 பேர். அதில் இவரும் ஒருவர். சட்டசபைகளை விரிவாக்கக் கேட்ட தீர்மானத்தைத் தெலாங் கொண்டுவர, இவர் வழிமொழிந்தார். அதே கூட்டத்தில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர், ‘இந்து’, ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைகளின் ஆசிரியர். இரண்டு பேரையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்கள் எங்கள் சங்கத்திலேயே உண்டு. முதலில் அதைத் தெளிவாக்க வேண்டும்.

1888இல் அரசாங்க வக்கீல். இந்தியர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. 1895இல் முத்துசாமி ஐயர் காலமானதும் அந்த இடத்தில் ஹைகோர்ட் நீதிபதி. 1907 வரை இருந்தார். நடுவில் 1899, 1903, 1906 என்று மூன்று தடவை தற்காலிகத் தலைமை நீதிபதி. 1900இல் சர் பட்டம். பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பையும் கொஞ்ச காலம் பார்த்தார். செனட் ஹவுஸ் பக்கம் சிலை இருக்கிறது, நீ படிக்கும்போது பார்த்திருப்பாய். இதெல்லாம் எல்லோரும் பேசுகிறதுதான், வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஓய்வுக்கு அப்புறம் நடந்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதில் 1916இல் சுயாட்சி கேட்டு அன்னி பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் லீக்குக்குக் கௌரவத் தலைவர் ஆனார். அடுத்த ஜூனில் பென்ட்லண்ட் கவர்னராக இருந்த சென்னை அரசு பெசன்ட்டையும் அவரோடு வேலை செய்த அருண்டேலையும் வாடியாவையும் ஊட்டிப் பக்கம் காவலில் வைத்தது. அதே மாதம் 24ஆம் தேதி இவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜனநாயகத்துக்காக யுத்தத்தில் இறங்குகிறோம் என்கிறீர்களே, இங்கே அந்நிய ஆட்சி எங்களை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். சுயாட்சி தருவதாக ஒரு வாக்குக் கொடுத்தால் இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கான பேர் போர்முனைக்கு வருவார்கள் என்று எழுதினார். தபாலில் போட்டால் தணிக்கைக்காரன் கையில் சிக்கும். ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதி கையோடு எடுத்துப் போனார்கள். அங்கே அது அச்சாகிப் பரவியது.

எழுபத்தைந்து வயதை நெருங்கிய, சர் பட்டம் வாங்கிய, ஹைகோர்ட் பெஞ்சில் இருந்த மனுஷர். யாரும் எதிர்பார்க்கவில்லை.

உன் தாத்தா இருந்திருந்தால் நான் மணி ஐயர் பேரை எடுத்ததற்கே சிரித்திருப்பார். 1916 கடைசியிலேயே பிட்டி தியாகராயர் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியிட்டார்: ஹோம் ரூல் வந்தால் ஆளப்போவது யார், சர்க்கார் உத்தியோகம் எல்லாம் யார் கையில் இருக்கிறது என்று. அது நியாயமான கேள்வி. கூட்டத்தில் இதையும் சொல்லத்தான் போகிறேன், முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். ஆனால் ஒருவரிடம் குறை இருப்பதால் அவர் செய்த நல்லதும் இல்லையென்று ஆகிவிடாது. உன்னிடம் இதை நான் சொல்ல வேண்டியதில்லை, தினமும் இரண்டு பக்கமும் கேட்கிறவள் நீ.

சரி. 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி, அதாவது லண்டன் மந்திரிசபையில் இந்தியாவுக்குப் பொறுப்பான மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தார்கள். சீர்திருத்தம் பற்றிப் பேச மணி ஐயரையும் கூப்பிட்டார்கள். போனவரிடம் சீர்திருத்தத்தைப் பேசாமல் அந்தக் கடிதத்துக்காக வைஸ்ராய் கண்டித்தார். பெரியவர், உடம்பு முடியாதவர், அதுவும் கூப்பிட்டு வரவழைக்கப்பட்டவர்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன் பாப்பா. மேலே இருப்பவன் நாலு பேர் நடுவில் ஒருவரை அப்படிப் பேசுவது வைஸ்ராய் காலத்தோடு போகவில்லை. உனக்கு அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ எழுதும் தீர்ப்பில் ஒருவன் கை வைக்க வந்தால் உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அன்றைக்கே மணி ஐயர் பட்டத்தைக் கழற்றி எறியவில்லை. ஆறு மாதம் போனது. 1918 நடுவில் மாண்டேகு பார்லிமெண்டில் எழுந்து அந்தக் கடிதத்தை வெட்கக்கேடு என்கிற மாதிரி கண்டித்துப் பேசினார். பொது இடத்தில் பேசிய பிறகு இவரும் பொதுவில் பதில் சொன்னார். என்ன எழுதினேன், எந்த நிலைமையில் எழுதினேன் என்று விளக்கினார். சர் பட்டம், திவான் பகதூர் பட்டம் இரண்டையும் வேண்டாம் என்று அரசாங்கத்துக்கு எழுதிவிட்டார். தாகூர் சர் பட்டத்தை விட்டது இதற்கு அடுத்த வருஷம். எல்லோருக்கும் தாகூரைத்தான் தெரியும்.

அவர் திருப்பிக் கொடுத்தது என்ன என்று பார். அவர்கள் சூட்டியதை மட்டும்தான். குமாஸ்தாவாக இருந்து படித்து, சன்னது கிடைக்காமல் மறுபடி படித்து ஏறிய பெஞ்சில் பன்னிரண்டு வருஷம் முழுசாக உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினார். தனக்குப் பட்டதற்காக அதை விட்டுக் கொடுக்கவில்லை.

நீ இப்போது சங்கரன் நாயரை இழுப்பாய். காலேஜில் அவரைப் பற்றிப் பேசித்தானே கோப்பை வாங்கினாய், பச்சை ட்ரங்க் பெட்டிக்கு மேலேதான் இன்னும் இருக்கிறது. 1919இல் பஞ்சாபில் ராணுவச் சட்டம் போட்டுச் செய்த அக்கிரமத்துக்காக வைஸ்ராய் நிர்வாக சபையிலிருந்து ராஜினாமா செய்தார். புத்தகத்தில் அப்போது பஞ்சாபை ஆண்ட ஓ’ட்வையரைக் குற்றம் சொன்னதற்காக 1924இல் லண்டனில் அவதூறு வழக்கு. நீதிபதி மெக்கார்டி ஒரு பக்கமாகவே நடந்துகொண்டார். ஜூரியில் பதினொரு பேர் எதிராக, ஒருவர் மட்டும் இவர் பக்கம். 500 பவுண்ட் நஷ்டஈடு, செலவுத்தொகை அதற்கு மேல் எத்தனையோ மடங்கு. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றார்கள், முடியாது என்றுவிட்டார். நீ அதைச் சொல்லும்போது ஹால் முழுக்கக் கை தட்டியது.

தட்ட வேண்டியதுதான். ஆனால் ராஜினாமாவைப் பற்றி மட்டும் பேசினாய். அதற்கு முன்னால் நாலு வருஷம் அந்தச் சபையில் இருந்த ஒரே இந்தியர் அவர். சீர்திருத்த விஷயத்தில் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் தன் மாற்றுக் கருத்தைத் தனியாக எழுதி வைத்தார், நாற்காலியில் இருந்துகொண்டே. அதனால்தான் எழுந்தபோது சத்தம் கேட்டது. எழுந்தவரும் வீட்டில் போய் உட்காரவில்லை. லண்டனில் இந்தியா மந்திரியின் கவுன்சிலில் இடம் பிடித்தார். ஒரு சிவில் ஜட்ஜ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ஆபீசில் ஒரு ஃபைலை மூடுவார்கள், வேறு ஒருவரைப் போடுவார்கள். உன்னைப் பேசியவர் அங்கேயே இருப்பார்.

பார், கூட்டத்துக்கு எழுத உட்கார்ந்தவன் எங்கேயோ போய்விட்டேன்.

நம் பழைய ஸ்டெனோ மகள் உங்கள் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறாள். போன வாரம் வந்திருந்தாள். சர்வீஸ் எத்தனை வருஷம் ஆனால் என்ன கிடைக்கும் என்று நீ யாரிடமோ விசாரித்ததாகச் சொன்னாள். சும்மா விசாரித்திருப்பாய். எல்லோரும் விசாரிப்பதுதான். அம்மாவுக்குத் தெரியாது.

எதை எழுதினாலும் உடனே கையெழுத்துப் போடாதே. ஒரு ராத்திரி போகட்டும். லீவு சேர்ந்திருந்தால் போட்டுவிட்டு இங்கே வா, நாலு நாள் தூங்கு. எழுதி வைத்திருந்தால் என்னிடம் ஒரு தடவை காட்டு. ஜட்ஜுகள் எழுதியதில் தேதி விட்டுப்போனதை எல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். ராத்திரி எழுதியதைக் காலையில் படித்துப் பார். அதற்குப் பிறகும் அதுதான் என்றால், சரி, அதை அப்போது பேசலாம். உன்னைத் திட்ட மாட்டேன். சித்தப்பாவைப் பேச விடவும் மாட்டேன்.

மணி ஐயர் 1924 டிசம்பரில் காலமானார், 82 வயது. சங்கரன் நாயர் வழக்கில் தோற்றதும் அதே வருஷம்தான். இரண்டையும் சேர்த்து முடிக்கலாமா, இல்லை நீளமாகிவிடுமா? இதற்காவது பதில் சொல்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு நான் அங்கே வருகிறேன். அம்மா இட்லிப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டித் தருகிறாள்; கூட்டத்துக்கு எழுதியதைக் காட்டப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் வர வேண்டாம் என்றால் போன் செய்து சொல்.

அப்பா