காரைநகரில் உதவின அண்ணைக்கு

கசூரினா கடற்கரைப் பக்கம் எங்கட காம்பர் வானின்ர (படுக்கை, குசினி, டொய்லெட் எல்லாம் உள்ள பயண வான்) தண்ணி, கழிவு வேலையளைப் பொறுமையாச் சொல்லித் தந்த அண்ணைக்குப் பெரிய நன்றி. பேர் கேட்டதுக்கு, "அதை விடுங்கோ" எண்டிட்டார்.

நல்ல தண்ணிப் பக்கம் லேசு. தாங்கியை நிரப்பி, பைப்பைத் திறந்து, காத்துச் சீறி முடியுமட்டும் பம்பை ஓடவிட்டால் காணும். பாத்திரம் கழுவின ஊத்தைத் தண்ணி சேர வேற தாங்கி.

அவர் கனநேரம் மினக்கெட்டது டொய்லெட் பெட்டியோடதான், டொய்லெட்டுக்குக் கீழ கழிவு சேர்ற, கழட்டி எடுக்கிற பெட்டி. வெளியில இழுக்கமுன்னம் மேல்தகடு பூட்டியிருக்கோணும். ஊத்தேக்க காத்தை உள்ள விடுற பொத்தானை அமத்திப் பிடிக்கோணும், இல்லாட்டி களக் களக்கெண்டு கால்ல தெறிக்கும். பிறகு அலசி, கொஞ்சத் தண்ணியும் மணத்தை அடக்கிற டொய்லெட் மருந்தும் விட்டு மாட்டோணும். மணமே இல்லை, சொன்னால் நம்பமாட்டியள்.

வெறுந்தரையில ஊத்த விடவேயில்லை. "கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு தம்பி, வெடிப்புக்குள்ளால கிணத்துக்குத்தான் போகும்." தன்ர வீட்டு சீமெந்துக் கழிவுத் தொட்டியையே திறந்துவிட்டார். அதுவும் மருந்துப் போத்தலைத் திருப்பி, போமல்டிஹைட் இல்லையெண்டு பாத்தபிறகு. அது தொட்டியில கழிவை உக்கவைக்கிற பக்டீரியாவைக் கொண்டுபோடுமாம்.

அவரைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லிவிடுங்கோ: அவற்ர றப்பர் கையுறை எங்களிட்டத்தான் கிடக்கு.