கவர் தீர்ந்துபோன கதை: ஒடிசா கிளம்பும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று சாயங்காலம் உங்க அம்மா காலியான மீன் கூடையை எங்க வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "நீயும்தான் இந்த மாதிரி எங்கியோ போயிட்டு வந்த. இன்னாத்த கண்ட? சிறுசேரில வேல கெடச்சிருக்குது, அத வுட்டுட்டு ஊரு பேரே வாயில நொழையாத எடத்துக்குப் போறாளாம். நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் சொல்லு" என்றார்.

உன்னை நிறுத்தச் சொல்லித்தான் கேட்டார். நான் நிறுத்தப் போவதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து சிறுசேரிக்குப் போய் வரவே தினம் நாலு மணி நேரம் ஆகும், அதற்கு ஒடிசாவே பரவாயில்லை. ஆனால் "இன்னாத்த கண்ட?" என்ற கேள்வி ராத்திரி முழுக்கக் காதிலேயே இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். உன்னைப் போல இன்னும் சிலர் கேட்டிருப்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

முதலில் காசு விஷயம். நீ போகிற ஸ்டேட் வங்கியின் 'யூத் ஃபார் இந்தியா', படித்த இளைஞர்களைக் கிராமத்தில் தங்கி வேலை செய்ய அனுப்பும் திட்டம், 2011இல் ஆரம்பித்தது. மொத்தம் 13 மாதம். மாதாமாதம் வருவது சம்பளம் இல்லை, உதவித்தொகை. கிராமத்தில் ஓர் ஆள் சாப்பிட்டுத் தங்க அது போதும், வீட்டுக்கு அனுப்பப் போதாது. முடித்த பிறகு ஒரு தொகை தருவார்கள். அதை இப்போதே கணக்கில் சேர்த்துக் கடன் வாங்காதே. இதையெல்லாம் அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடு. இந்த மாதிரித் திட்டங்களுக்குப் போகிறவர்களில் பலருக்கு வீட்டில் யாரும் அவர்கள் காசை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. நம் வீடுகள் அப்படி இல்லை. தேர்வு நேர்காணலில் என்னிடம் ஒருவர், "கிராமத்துல கழிப்பறை வசதி சரியா இருக்காது, சமாளிப்பீங்களா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். எங்க லைன் வீட்டில் பதினோரு குடித்தனத்துக்கு ரெண்டு கக்கூஸ் என்று நாக்கு நுனி வரை வந்தது. "சமாளிப்பேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கேள்வியில்தான் உன்னுடைய பலமும் இருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அப்புறம், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கிறதா? உன் மாமா பக்கெட்டும் மக்குமாக எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார். அந்த வாரம் எத்தனை பேர் படிவத்தோடு வந்தார்கள்! குடும்பத்தில் எத்தனை பேர், படகு சொந்தமா, மாத வருமானம் எவ்வளவு. மாமா நாலாவது ஆளிடம் சொன்ன வருமானம் முதல் ஆளிடம் சொன்னது இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. எந்தத் தொகையைச் சொன்னால் ஏதாவது வரும் என்று ஊகித்துச் சொன்னார். வந்தவர்கள் யாரும் திரும்பி வந்து, "நீங்க சொன்னத வெச்சு இதப் பண்ணோம்" என்று சொன்னதும் இல்லை.

நம் ஏரியாவில் வளர்ந்தவர்களுக்குப் படிவத்தின் அந்தப் பக்கம் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இதே மாதிரி ஒரு திட்டத்தில் கொல்லிமலைக்குப் போன முதல் வாரமே அதை மறந்துவிட்டேன்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும், எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏறாதே. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் போட்டு வந்தார்கள். பிறகு மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்ளும், கையில் ரொக்கம் கிடைக்கும். சாமைக் காடு சுருங்கியது. நான் போனதும் தாளில் எழுதிய முதல் வரி, 'சிறுதானியம் குறித்த விழிப்புணர்வு இல்லை' என்பது. அந்த வரியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு பாட்டியிடம், "ஏன் பாட்டி இப்பல்லாம் சாமை போடறது இல்ல?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு படி சாமையைக் கொண்டுவந்து உரலில் கொட்டி, உலக்கையை என் கையில் கொடுத்தார். சாமை கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். உமி லேசில் விடாது. குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் என் உள்ளங்கையில் ரெண்டு கொப்புளம். உரலில் பாதிக்கு மேல் தோலோடு அப்படியே கிடந்தது. பாட்டி முறத்தை வாங்கி நாலு தட்டு தட்டிவிட்டு, "காட்டுல வேல பாத்துட்டு வந்து தெனமும் இதக் குத்தணும். ரேசன் அரிசின்னா ஒல வெச்சா சோறு" என்றார்.

அவருக்கு விழிப்புணர்வு நிறையவே இருந்தது. எனக்குத்தான் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் பல வருஷம் வேலை செய்தது. அவர்கள் விதையோடு நிற்காமல் உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊருக்குள் கொண்டுவந்தது ஏன் என்று அந்தக் கொப்புளம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, அதற்கப்புறமாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், அதுவும் இல்லை. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாத கதை இது. எட்டுப் பெண்களைச் சேர்த்து, சாமையைச் சுத்தம் செய்து அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டுச் சென்னைக் கடைகளுக்கு அனுப்பினோம். நன்றாகவே போனது. போட்டோ எடுத்தார்கள், நானும் சேலை கட்டிக்கொண்டு நின்றேன். என் காலம் முடிந்து ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்துப் போன் செய்தால், வேலை நின்றுவிட்டது என்றார்கள். ஏன்க்கா என்று கேட்டேன். "கவர் தீந்துபோச்சு கண்ணு."

கவர்! பாரிமுனையில் மொத்தக் கடையில் வாங்கி, ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் என் பையில் எடுத்துப் போன ஆயிரம் கவர். அது எங்கே கிடைக்கும், என்ன விலை, யாரிடம் பேச வேண்டும் என்று அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் நான் சொல்லித் தரவில்லை. கடைக்காரர்களின் நம்பரெல்லாம் என் போனில். ஆர்டர் என் போனுக்கு. வங்கிக்குப் போனால் சீட்டு எழுதுவதும் நான். பம்பரம் மாதிரி ஓடியதில் எனக்கு அவ்வளவு பெருமை. அவர்கள் என்னிடம் கூலிக்கு வேலை செய்த மாதிரிதான் ஆகியிருக்கிறது, கூலியும் ஒழுங்காகக் கிடைக்காமல்.

இப்போது உன் ஊருக்கு வருவோம். கஞ்சாம் மாவட்டம், கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் வேலை செய்யும் பகுதி என்றாய். அந்த அமைப்பின் பூர்வீகத்தில் நம்ம ஊரும் இருக்கிறது. 1971இல் வங்காளதேச அகதிகளுக்கு உதவ மெட்ராஸிலிருந்து மாணவர் கூட்டம் ஒன்று வங்கத்துக்குப் போனது. அந்த வருஷமே ஒடிசாவில் பெரும்புயல் அடிக்க, அந்த மாணவர்களில் ஒரு பகுதியினர் அங்கே நகர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தை நடத்திய ஜோ மடியத் அங்கேயே தங்கிவிட்டார். கிராம் விகாஸ் 1979இல் பதிவானது.

1992இல் அவர்கள் தொடங்கிய தண்ணீர், கழிப்பறைத் திட்டத்துக்கு முக்கிய நிபந்தனை: ஊரில் ஒரு வீடு விடாமல் எல்லாரும் சேர வேண்டும். ஒரு வீடு முரண்டு பிடித்தாலும் வேலை ஆரம்பிக்காது. வீட்டுக்குச் சராசரியாக ஆயிரம் ரூபாய் ஊர் நிதியாக வங்கியில் போட வேண்டும். பிறகு புது வீடு வந்தால் அந்த வட்டியிலிருந்து செலவு. எல்லாச் சாதிக்கும் ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், எல்லார் வீட்டிலும் குழாய். இதற்கு ஒத்துக்கொள்ளவைக்க ஊர் ஊராக எத்தனை கூட்டம் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்று சண்டை போட்ட உனக்கு, குழாயைவிட அந்த ஒப்பந்தம்தான் கஷ்டம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நிதிதான் எனக்குப் பொறாமை. என் எட்டுப் பேரிடம் கவர் வாங்க நூறு ரூபாய் பொதுக்காசு இருந்திருந்தால்கூடப் போதும்.

அதனால் போனவுடனே திட்டம் போடாதே. மூன்று மாதம் தண்ணீர் எடு, கல்யாணத்துக்குப் போ, சாவுக்குப் போ. கிராம சபைக்குக் கீழே அங்கே பல்லி சபா என்று ஒன்று கூடும். நம்ம வீட்டுச் சுவரில் ஒட்டுகிற பல்லி இல்லை, ஒடியாவில் பல்லி என்றால் சிற்றூர். அங்கே பின்வரிசையில் உட்கார்ந்து யார் பேசுகிறார்கள், யார் வாயே திறப்பதில்லை என்று பார். அலுவலகத்திலிருந்து "உன் புராஜெக்ட் என்னாச்சு?" என்று கேட்பார்கள். "பார்த்துக்கிட்டிருக்கேன் சார்" என்று சொல்லிக்கொண்டே இரு.

கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, ஒடியாவை இங்கேயே ஆரம்பி. மணலி, மாதவரம் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நிற்பார்கள். உன் மாமாவோடு போய்ப் பேச்சுக் கொடு. கஞ்சாம்காரர் யாராவது அகப்பட்டால் அவர் ஊரை விட்டு ஏன் வந்தார் என்பதையும் கேள். நோட்டை மட்டும் வெளியே எடுக்காதே.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. அம்மாவையும் கூட்டி வா, நான் பேசுகிறேன். கஞ்சாம் மாவட்டத்துப் பெரிய ஊரான பெர்ஹாம்பூர் என்றால் சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறினால் போய்விடலாம், அவ்வளவு தூரமில்லை என்று சொல்லி வைக்கிறேன். கொல்லிமலை நோட்டு பரணில்தான் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன். முதல் இருபது பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படி, பூராவும் என் திட்டங்கள். கூடையில் காரப்பொடி மீன் மிஞ்சினால் எடுத்து வரச் சொல், குழம்பு வைத்துவிடலாம்.

அன்புடன்,
எதிர் வீட்டு அக்கா