ஆசிரியருக்கு: டோடோ போய்விட்டது, வௌவால் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் வந்த சூழலியல் அரிச்சுவடியைப் படித்தேன். உணவுச் சங்கிலி, உணவு வலை பற்றியெல்லாம் எளிமையாகவே எழுதியிருந்தார்கள். எங்கள் மொரிஷியசை உதாரணம் காட்டிய இடத்தில்தான் மனம் புண்பட்டது. "டோடோ பறவை அழிந்ததால், மொரிஷியசின் தம்பலாகோக் மரம் 300 ஆண்டுகளாக ஒரு கன்றுகூட விடவில்லை" என்று ஒரு வரி. இதை அச்சுக்கு அனுப்புமுன் யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா?

இது 1977-ல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன கருத்து. டோடோவின் இரைப்பையில் அரைபட்டால்தான் கல் போன்ற அந்த விதை முளைக்கும் என்றார். வான்கோழிகளுக்கு விதையை ஊட்டிப் பார்த்தார், மூன்று முளைத்தன. ஊட்டாத விதை முளைக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்கள் 300 வயதுக்குக் குறைந்த மரங்களைக் கண்டார்கள். எந்தப் பறவையின் வயிற்றுக்குள்ளும் போகாத விதை முளைப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். தாங்கள் அறியாததல்ல. இருந்தும் பழைய கதையே மறுபடி மறுபடி வருகிறது, கேட்க நன்றாக இருக்கிறது என்பதால்.

மரம் அருகிவிட்டது உண்மைதான். அதற்குக் காரணம் உயிரோடு நடமாடுகிறது. குரங்கு காயைப் பழுக்கவிடுவதில்லை. மானும் காட்டுப்பன்றியும் கன்றை மிதித்து மேய்ந்துவிடுகின்றன. மிச்சத்தைக் 'கோயாவ்யே' முடித்துவிடுகிறது. பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சிறு கொய்யா அது. பருவத்தில் அந்தச் சிவப்புப் பழத்தை உப்பும் மிளகாயும் தூவி இங்கே சாலையோரம் விற்பார்கள், பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் பிளாக் ரிவர் மலைக்காட்டுக்குள் போய்ப் பாருங்கள். விரலளவுத் தண்டுகள் நெருக்கமாக நிற்கும், உள்ளே கையை நுழைக்க முடியாது. அடியில் வெயில் விழாது. எந்த மரத்தின் விதை விழுந்தாலும் அங்கே தலை தூக்காது. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் எங்கள் பூர்வீகக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு.

அந்தக் கொய்யா விதையைக் குரங்கும் பன்றியும் தின்று ஊரெல்லாம் பரப்புகின்றன. களைச்செடிகளைப் பரப்புவதில் தங்கள் ஊர்த் தோட்டத்தில் பாடும் செம்மீசைச் சின்னானுக்கும் பங்கு உண்டு. அதுவும் இங்கே கப்பலில் வந்ததுதான். வெட்டுக்கிளியைத் தின்ன மைனாவைக் கொண்டுவந்தார்கள். எலியைப் பிடிக்க 1900-ல் கீரியைக் கொண்டுவந்தார்கள், அது காட்டுப் பறவைகளைப் பிடித்தது. இந்தியாவில் வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்குமா? ஒரே பறவை ஓரிடத்தில் உறவு, இன்னோரிடத்தில் பகை என்பதை விளக்க மைனா ஒன்றே போதுமே.

ஆனால் தங்கள் இதழுக்கு மொரிஷியஸ் என்றால் தேனிலவு, சினிமா டூயட், தைப்பூசக் காவடிப் படம். நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன். 2020 ஜூலை 25-ல் வகாஷியோ கப்பல் எங்கள் புவேன்ட் தெஸ்னி கடலோரப் பவளத்திட்டில் ஏறி, ஆகஸ்டில் சுமார் 1,000 டன் எண்ணெயைக் கடலில் விட்டதே, அப்போது நான் தங்களுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, கடலில் தடுப்பு போட்டது எங்கள் மஹேபூர் மக்கள். தைத்தவர்களில் என் மனைவியும் நானும் உண்டு. அலையாத்தி மரத்தின் முட்டுவேரில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. அவை கறுத்து அடைபட்டதைக் கண்ணால் கண்டு எழுதினேன். இதழில் வந்தது 'சுற்றுலாவுக்குப் பாதிப்பு' என்று ஒரு பெட்டிச் செய்தி. என் கடிதம் வரவேயில்லை. வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது எங்கள் பழந்தின்னி வௌவாலுக்கு வருகிறேன். அரிச்சுவடி எழுதியவர் அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பெரிய ஆமைகளும் டோடோவும் போனபின், எங்கள் காட்டில் பெரிய பழங்களைத் தின்று விதையைத் தூரம் கொண்டுபோகும் பூர்வீகப் பிராணி அது ஒன்றுதான். மொரிஷியசும் அதன் அண்டைத் தீவுகளும் சேர்ந்த மஸ்கரீன் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். என் வீட்டு முற்றத்தில் லிச்சி மரம் நிற்கிறது. நவம்பர், டிசம்பரில் விடிந்ததும் அடியில் பார்ப்பேன். கட்டைவிரல் அளவில் நார்ச் சக்கைகள் கிடக்கும், பல்தடம் அப்படியே தெரியும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுகிறது. காட்டு மரங்களின் சிறு விதையை விழுங்கிப் பறக்கும்போதே எச்சத்தோடு போடும், பெரிய விதையை வாயில் கவ்விப் போய் வேறிடத்தில் நழுவவிடும். தாய்மரத்தின் நிழலுக்கு வெளியே ஒரு கன்று வருகிறதென்றால் இப்படித்தான்.

இதைத்தான் 2015-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து சுட ஆரம்பித்தார்கள், பழத்தோட்டத்தில் நஷ்டம் என்று. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பல்லாயிரம் மடிந்தன. 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை முன்னிலும் ஆபத்தான பட்டியலுக்கு மாற்றியது. மரத்தைக் கழித்து உயரம் குறைத்து வலை போர்த்தினால் பழம் தப்பும். நான் போட்டிருக்கிறேன், தப்புகிறது. பேரப்பிள்ளைகளுக்கும் போதும், வௌவாலுக்கும் மேற்கிளைகள் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் டோடோவின் படம் போட்ட பனியனோடு நின்று என்னோடு சண்டைக்கு வருகிறார். மனம் எரிகிறது ஐயா.

மீட்டெடுக்க முடியும் என்பதற்கும் சாட்சி எங்கள் ஊருக்கு எதிரிலேயே இருக்கிறது. ஈல் ஓ ஸெக்ரெத் 26 ஹெக்டேர் தீவு. 2000-ல் அங்கே அல்டாப்ரா தீவின் பெரிய ஆமைகளை விட்டார்கள், அழிந்த எங்கள் ஆமையின் வேலையைச் செய்யட்டும் என்று. கருங்காலிப் பழத்தைத் தின்று அவை போட்ட சாணத்திலிருந்து, மரமே இல்லாத இடங்களிலும் கன்றுகள் வந்தன. என் மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். 1974-ல் காட்டில் நான்கே மிஞ்சியிருந்த எங்கள் வல்லூறு இன்று நூற்றுக்கணக்கில் பறக்கிறது. அரிச்சுவடியில் இவற்றுக்கு இடமில்லை, 1662-க்குப் பின் யாரும் பார்த்திராத பறவைக்கு அரைப் பக்கம்!

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள், அதே மாணவர் பகுதியில், பிள்ளைகள் கண்ணில் படும்படி. ஆண்டு முடிவில் அரிச்சுவடியைப் புத்தகமாகத் தொகுப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் டோடோ படத்துக்குப் பதிலாக எங்கள் வௌவால் படத்தைப் போடுங்கள். படம் நானே எடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால் இதில் டெம்பிள் பற்றிய பத்தியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், வௌவால் பத்தியில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மஹேபூர், மொரிஷியஸ்