பாலாற்று உப்பை எடைபோட்டு வசூலியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு தடவுகிறார்கள். அதில் பெரும்பகுதி முதல் ஊறல் தண்ணீரிலேயே கரைந்துவிடுகிறது. கழிவில் சேரும் இன்னொரு பொருளான, தோல் பதனிடும் குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டுப் படிய வைக்கலாம். கரைந்த உப்போ அப்படிப் படியாது. அதைப் பிரிக்க, சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கியும் வேண்டும், மின்கட்டணம் எகிறும். கழிவைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டால் அந்தச் செலவு வாணியம்பாடி, ஆம்பூர் கிணற்றுக்காரர் தலையில் விடிகிறது; தோல் விலையில் சேருவதில்லை. சந்தை தவறுவது இங்கேதான்.

அரசும் தவறியது. 1996-ல் வேலூர் தோல் ஆலை மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. 1996-ல் விதித்த அபராதம் ஆலைக்குத் தலா 10,000 ரூபாய். ஒரு லாரிக் கழிவுக்கும் நூறு லாரிக் கழிவுக்கும் ஒரே தொகை என்றால் யார் குறைப்பார்கள்?

ஊறவைக்குமுன் தோலை மரச்சட்டத்தில் உதறினாலே உப்பில் ஒரு பகுதி உலர்ந்தபடியே கையில் வந்துவிடும். ஆலைதோறும் கழிவுநீரின் அளவைக் காட்டும் ஓட்டமானியும் உப்பளவைக் காட்டும் கருவியும் பொருத்தி, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரம்பைத் தாண்டும் உப்புக்குக் கிலோ கணக்கில் கட்டணம் போடுங்கள். அளவீடுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் தினமும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், வேலூர்