எஞ்சினா, பேட்டரியா: முருகேசனுக்கு ஒரு பதில்

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகனும் மருமகளும் பாளையங்கோட்டைக்கே மாற்றலாகி வந்துவிட்டார்கள், பேரன் இனி உன்னோடுதான் என்பது நல்ல செய்தி. இங்கே சரசுவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கம்பில்லாமல் நடக்கிறாள். மாடிப்படி ஏறுவது மட்டும் இன்னும் ஆகவில்லை. அதனால் மாடியில் இருக்கிற என் பட்டறையைக் கேட்பார் யாருமில்லை. மேஜையெல்லாம் பால்சா மரத்தூள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 160 செ.மீ. இறக்கையோடு நீ செய்கிற ரேடியோ மாடல் பயிற்சி விமானம் முடியும் நிலையில் இருக்கிறது. மூக்கில் மெத்தனாலில் ஓடும் 46 அளவு (0.46 கன அங்குல) கிளோ எஞ்சினா, பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டாரா என்று முடிவாகாமல், அதைப் பொருத்தும் மூக்குப் பலகையான ஃபயர்வாலில் துளை போடாமலே வைத்திருக்கிறாய். கூடவே ‘சத்தம் போடாத விமானம் என்ன விமானம்’ என்றும் எழுதியிருக்கிறாய். கேள்வியோடு பதிலையும் சேர்த்து அனுப்பும் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், மோட்டாரே போடு.

பெரிய காரணம் எரிபொருள்தான். கிளோ எரிபொருளில் எழுபது எண்பது சதவீதம் மெத்தனால். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், மிச்சம் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். மெத்தில் ஆல்கஹால் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959-லேயே விதி போட்டிருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்களே, அதற்கப்புறம் ஐந்து லிட்டர் கேனைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, போலீஸ் நிறுத்தினால் ‘மாடல் விமானத்துக்கு சார்’ என்று சொல்லிப் பார். நம்புவார்களா? கெடுபிடி தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். கண்ணைக் குருடாக்கும் சரக்கு அது. பகல் வெளிச்சத்தில் தீப்பிடித்தால் ஜுவாலைகூடச் சரியாகத் தெரியாது. குழந்தை ஓடியாடும் வீட்டில் அதற்கு இடம் தேடாதே.

அடுத்தது உன் ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறக்கவிடும்படி காற்று அடங்கியிருப்பது விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான். நீ பறக்கவிட நினைக்கிற குளமும் வெயில் காலத்தில்தான் வற்றும். கிளோ எஞ்சின் என்றால் அந்த நேரத்தில் பாதி சடங்குக்கே போய்விடும். பெட்டியைத் திற, டேங்கை நிரப்பு, பிளக்கை ஒன்றரை வோல்ட்டில் சூடாக்கு, ஸ்டார்ட்டரை வை, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருப்பு. பறந்து முடித்ததும் இறக்கை முழுக்க வழிகிற விளக்கெண்ணெயைத் துடைத்துக்கொண்டிரு. மோட்டார் என்றால் பேட்டரியைச் செருகினாய், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. பீப் பீப் என்றது, போகலாம். அதோடு, நீ சொல்கிற குளத்துக்கு அந்தப் பக்கம் வீடுகள் வந்துவிட்டன. காலை ஆறு மணிக்கு 46 அளவு எஞ்சின் அலறினால் ரெண்டாம் நாளே யாராவது வந்து நிற்பார்கள்.

பலம் போதுமா என்று கேட்டிருந்தாய். உன் விமானம் எல்லாம் சேர்த்து இரண்டரை கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு குட்டிக்கரணமும் அடிக்க வேண்டுமென்றால் கிலோவுக்கு 220 வாட் என்பது நடைமுறைக் கணக்கு. ஆக 550, நீ 650 வாட் மோட்டாராக வாங்கு. நான்கு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 14.8 வோல்ட், 4000 மில்லி ஆம்பியர்-மணி. 750 கேவி பக்கத்தில் மோட்டார், 12×6 புரொப்பெல்லர், 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்தான், பயப்படாதே. அந்த பேட்டரியில் இருப்பது 59 வாட்-மணி. அதில் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதாவது 47. சராசரியாக 280 வாட் இழுத்தால் பத்து நிமிடம் வரும். 240 மில்லி டேங்க் வைத்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் பறந்திருப்பாய். கடையில் கணக்குச் சொல்வதை நம்பாமல் பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் ஒரு வாட் மீட்டரை மாட்டி, விமானத்தை யாரையாவது பிடிக்கச் சொல்லி, முழு திராட்டிலில் நீயே பார். எவ்வளவு வேகமாக மின்சாரம் தரும் என்று பேட்டரி உறையில் அச்சடித்திருக்கும் ‘சி’ எண்ணை நான் பாதியாகக் குறைத்துத்தான் படிப்பேன்.

ஒரு கிலோ மெத்தனாலில் அடங்கிய சக்தி ஐந்தரை கிலோவாட்-மணி; ஒரு கிலோ லைப்போவில் 150 வாட்-மணி சொச்சம். காகிதத்தில் இது போட்டியே இல்லை. ஆனால் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாகவும் புகையாகவும் துப்பிவிடுகிறது, மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. உலக அளவில் எஃப்3ஏ சாகசப் போட்டியில் இன்று பெரும்பாலும் மின்சாரம்தான். எடை 5 கிலோ, நீள அகலம் 2 மீட்டர், பேட்டரி 42.56 வோல்ட் என்று எல்லை கட்டிக்கொண்டு, இலை விழுவதுபோலப் பறக்கவிடுகிறார்கள். நம் என்.சி.சி.க்குப் பிரியமான, கம்பியில் பிடித்துச் சுற்றவிடும் கண்ட்ரோல் லைனில், எஃப்2ஏ வேகப் போட்டியில் மட்டும் இன்னும் 2.5 சிசி கிளோ எஞ்சின் மணிக்கு 300 கிலோமீட்டரில் சுற்றுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனின் தலைசுற்றலை நினைத்துக்கொள்.

ஒரு சுவாரசியமான விஷயம். ரேடியோவில் இயக்கி மின்மோட்டாரில் பறந்ததாகப் பதிவான முதல் மாடல் விமானம் 1957 ஜூன் 30-இல், இங்கிலாந்தில், கர்னல் டாப்ளின் பறக்கவிட்டது. சில்வர்-ஜிங்க் பேட்டரி. அவர் பறக்கவிட்ட ‘ரேடியோ குயின்’ டீசல் எஞ்சினுக்காக வடிவமைத்த விமானம். டாப்ளின் பெயரிலேயே இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றும் உண்டு! ஆகவே மோட்டார் பக்கம் போகிறவனெல்லாம் எஞ்சினுக்குத் துரோகி என்று நீ எழுதியிருப்பது செல்லாது.

இவ்வளவு சொன்னபின் உன் பக்க நியாயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். நீடிலைத் திருப்பி எஞ்சினைச் சரிசெய்வது ஒரு கைப்பழக்கம். முழு திராட்டிலில் ஓடும்போது எரிபொருள் போகும் சிலிக்கோன் டியூபை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளினால் சத்தம் கொஞ்சம் ஏறி அப்புறம் இறங்க வேண்டும். ஏறாமல் உடனே இறங்கினால் லீன், அதாவது எரிபொருள் போதவில்லை, நீடிலை ஒரு கிளிக் திற. அப்புறம் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கி, சுருதி அப்படியே நிற்கிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் காதும் விரலும் உனக்கு இருந்தது. என்.சி.சி. கேம்ப்பில் 1.5 சிசி டீசல் மாடல் எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் சரிசமமாக அளந்து கலக்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள். யூனிஃபார்மில் அடித்த அந்த ஈதர் வாசனைக்கு மோட்டாரில் ஈடு கிடையாது. மோட்டார் பழுதாவதற்கு முன் இருமக்கூட இருமாது.

அதனால் மோட்டாருக்குத் தொல்லையே இல்லை என்று நினைக்காதே. எஞ்சின் டேங்க் காலியாகக் காலியாக விமானம் லேசாகும். பேட்டரி இறங்கும்போதும் அதே எடைதான். லைப்போவை முழு சார்ஜில் பீரோவில் வைத்துவிட்டு மறந்தால் ஊதிப்போகும், செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். சார்ஜ் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. உங்கள் ஊர் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைக்கவே கூடாது. ஒழுங்காக வைத்துக்கொண்டால் 150, 200 தடவை உழைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பேட்டரி செருகிய நொடியிலிருந்து புரொப்பெல்லர் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள். கிளோ எஞ்சின் விரலில் பட்டால் பலமுறை நின்றுவிடும். மோட்டார் நிற்காது, சுற்றத்தான் பார்க்கும். பேரன் பக்கத்தில் இருப்பான். டிரான்ஸ்மிட்டரில் ஒரு சுவிட்சை, மோட்டார் சுற்றாமல் தடுக்கும் திராட்டில் கட் என்று ஒதுக்கி வை. பட்டறையில் ஓட்டிப் பார்ப்பதென்றால் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுப் பார்.

எஞ்சின் ஆசை அடங்கவே இல்லையென்றால் அடுத்த விமானத்துக்கு 20 சிசி பெட்ரோல் எஞ்சின் பார்க்கலாம். பங்கில் பெட்ரோல், கூடவே நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய், லைசென்ஸ் தொல்லை இல்லை. ஆனால் விமானம் நாலைந்து கிலோவுக்குப் போகும். இக்னிஷனுக்குத் தனி பேட்டரி வேண்டும், அதிர்வும் அதிகம், இடமும் பெரிதாக வேண்டும். நாங்குநேரிப் பக்கம் அப்படி வெட்டவெளி கிடைக்கலாம், ஆனால் விஜயநாராயணத்தில் கடற்படை நிலையம் இருக்கிறது, அந்தத் திசையே வேண்டாம். வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் எட்டவே இரு. 2021 டிரோன் விதிகளில் 25 கிலோவுக்குள், பொழுதுபோக்குக்காக, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறப்பது ‘மாடல்’ வகையில் வருகிறது. அதற்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலம்தானா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் மகனை விட்டுப் பார்க்கச் சொல்.

துளை போடுவதற்கு முன் ஃபயர்வாலிலிருந்து புரொப்பெல்லர் நடுவில் இருக்கும் ஸ்பின்னர் கூம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது. எஞ்சினைவிட மோட்டார் குட்டை, அதனால் அதை முன்னால் தள்ளி நிறுத்த ஸ்டாண்ட்-ஆஃப் குழாய்கள் வைக்க வேண்டும். என்னிடம் அலுமினியத்தில் நாலைந்து நீளத்தில் கிடக்கிறது, கூரியரில் அனுப்பிவிடுகிறேன். பேட்டரி போட மேல்பக்கம் ஒரு மூடி வெட்டு. காற்று உள்ளே வரும் ஓட்டையைவிட வெளியே போகும் ஓட்டை பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈ.எஸ்.சி. உள்ளேயே வெந்துவிடும். தைப்பூசத்துக்குப் பழனி போய்விட்டு அப்படியே கோவை வருவதாகச் சொன்னாயே, தேதி உறுதியானதும் எழுது. சரசு உனக்குக் கம்பங்கூழ் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
ராமநாதன்