89 பல்லுக்கு ஒரு நன்றி மடல்

சோமனூர்

உதவிய எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன ஞாயிறு பொழுதோட, விசைத்தறியில் துணி இழுக்கும் அமைப்பைப் பார்த்து நான் சிறிதாக வெட்டி மாட்டிய ஏழு சக்கரமும் சுற்றிவிட்டன. கைப்பிடியை 712 முறை சுற்றினால் கடைசிச் சக்கரம் ஒரு சுற்று வரும் என்பது கணக்கு. நான் சுற்ற, அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எண்ண, 712-இல் சாக்பீஸ் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. நடுவில் ஒரு போன் வந்து எண்ணிக்கை தவறிப்போய், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம். அந்தப் போன் செய்தவருக்கு மட்டும் இந்த மடலில் நன்றி கிடையாது.

எங்கள் குடோனில் முன்பு நான்கு விசைத்தறி ஓடியது. மூன்றைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மிஞ்சிய ஒன்றில், நெய்த துணியை இழுத்துச் சுற்றும் பக்கத்துச் சக்கரத்தில் மூன்று பல் போய்விட்டது. கடையில் ஒன்று வாங்கி மாட்டியிருக்கலாம். வாங்கியிருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. நூல் குடோனில் கணக்கு எழுதுகிற எனக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பொழுதுபோக்காக ஓட்ட ஒரு சின்ன சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மெஷின், இருக்கிறது. 3018 என்பார்கள், 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் மேடை. அந்த ஏழு சக்கர அமைப்பையே சிறிதாக வெட்டி, பலகையில் மாட்டி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. கியர் வரையும் மென்பொருள்தான் இலவசமாகக் கிடைக்கிறதே, நாலு நாள் வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆயிற்று.

முதல் நன்றி, கோவை கணபதியில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கும் பெரியவருக்கு. பல் போன சக்கரத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். 36 பல். வெளி விட்டம் வெர்னியரில் 120.6 மி.மீ. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதால் விட்டத்தை வகுத்தால் பல்லின் அளவைச் சொல்லும் மாடுல் வரும் என்று படித்திருந்தேன். 38-ஆல் வகுத்தால் 3.17 வந்தது. மென்பொருளில் 3 போடுவதா, 3.25 போடுவதா என்று ஒரு வாரமாகக் குழப்பம். நீங்கள் சக்கரத்தை வாங்கி, கட்டைவிரலால் ஒரு பல்லின் கிரீசை வழித்துவிட்டு, "இது மாடுல் இல்லீங் தம்பி, டிபி. 25.4-ஐ அதுல வகுத்துப் பாருங்க" என்றீர்கள். எட்டு வந்தது. டிபி என்றால் டயமெட்ரல் பிட்ச்: விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எட்டுப் பல். "பழைய தறியெல்லாம் அங்குலத்துல பொறந்ததுங்க. உங்க 3.175 வேற ஒண்ணுமில்ல, ஒரு நூல்." அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சரும் கொத்தனாரும் நூல் என்று சொல்வது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தசமப் புள்ளி போட்டு வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

அந்தக் காலத்துப் பல்லுக்கு அழுத்தக் கோணம், அதாவது பல் சாய்வு, பதினாலரை டிகிரி, இப்போது எல்லாம் இருபது, இரண்டையும் ஜோடி சேர்த்து ஓட்டிவிடாதே என்றும் சொன்னீர்கள். அதனால்தான் பழைய சக்கரத்தோடு சேர்த்து ஓட்டும் யோசனையை விட்டு, ஏழையும் புதிதாக இருபது டிகிரியில் வெட்டினேன்.

அப்புறம் ஏழு சக்கரத்தின் பல் எண்ணிக்கையை எழுதிய என் சீட்டை வாங்கிப் படித்தீர்கள்: 24, 36, 48, 24, 89, 15, 90. "89-ஆ?" என்று சிரித்தீர்கள். பல்லைச் சமமாகப் பிரித்து வெட்ட உதவும் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடி 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று. 90 பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒன்பதில் நாலு சுற்று, 27 துளை வரிசையில் 12 துளை நகர்த்தினால் தீர்ந்தது. 89 பகா எண், எதிலும் உடையாது. 89 துளை உள்ள வரிசை உங்கள் தட்டுகளில் இல்லை. தனியாகக் கியர் கோத்து டிஃபரன்ஷியல் முறையில் போட்டால்தான் வரும், ஒரு நாள் சோலி என்றீர்கள். என் மெஷினுக்கு 89-ம் ஒன்றுதான், 90-ம் ஒன்றுதான். கோட்டின் மேல் போகிறது, அவ்வளவே. அது வெட்டுகிற வீடியோவைக் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியாமயே வெட்டுது பாருங்க" என்றீர்கள். பாராட்டா, வருத்தமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. காசும் வாங்கவில்லை, டீயும் நீங்களே வாங்கிக் கொடுத்தீர்கள்.

அடுத்தது பீளமேட்டு விடுதியில் இருந்தபடி எனக்கு ஃப்ரீகேட் என்கிற வரைகிற மென்பொருளைச் சொல்லிக்கொடுத்த என் தங்கச்சி மகளுக்கு. அம்மணி, உன் பரீட்சை நேரத்தில் நான் செய்த போன்களுக்கு முதலில் மன்னிப்பு. பல் எண்ணிக்கை, மாடுல், டிகிரி என்று மூன்று எண் கொடுத்தால் சக்கரம் திரையில் வந்து நிற்கிறது. அந்த அழகில் மயங்கி மாடுல் 2 போட்டு நேராக மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். நாற்பது நிமிஷம் ஓடி முடித்த பிறகு கையில் வந்தது ஒரு வட்டத் தட்டு. ஓரத்தில் எலி கடித்த மாதிரி வடு, பல் ஒன்றுகூட இல்லை. போட்டோ அனுப்பினேன். நீ கேட்டது ஒரே கேள்வி: "கட்டர் எத்தனை எம்எம் மாமா?"

மெஷினோடு வந்த கட்டர் 3.175. மாடுல் 2-இல் பல்லும் சந்தும் சேர்ந்து 6.28, அதில் பாதி சந்து: 3.14. அதுவும் பல்லின் நடு உயரத்தில் அளந்தது. அடிக்குப் போகப் போகச் சந்து இன்னும் குறுகும். மறுபடியும் அந்த ஒரு நூல்! தலைமுடி கனம்கூட இல்லாத வித்தியாசத்தில் உள்ளே நுழைய முடியாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. வரைகிற மென்பொருளுக்குக் கட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்று நீ சொன்னதை மெஷின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மாடுல் 2 வேறு வகையிலும் ஒத்துவரவில்லை. 90 பல் சக்கரத்துக்கு வெளி விட்டம் 184 மி.மீ.; என் மேடை 180. இதை நானே கண்டுபிடித்தேன், அதாவது தகடு மாட்டிய பிறகு. கடைசியில் மாடுல் 1.5-க்கு இறங்கினோம். 138 மி.மீ., தாராளமாக உட்கார்ந்தது. கட்டர் 1 மி.மீ. முதல் ராத்திரி மூன்று கட்டர் முறிந்தது. ஒரு தடவைக்குக் கால் மில்லி ஆழம், பன்னிரண்டு தடவையில் 3 மி.மீ. தகடு என்று பொறுமையாக இறக்கியபோது நின்றது.

15 பல் சக்கரத்தில்தான் நீ எனக்குப் பாடமே எடுத்தாய். வெட்டி மாட்டினால், ஒவ்வொரு பல்லுக்கும் கடக் கடக் என்று இடித்தது. இருபது டிகிரியில் 17 பல்லுக்குக் கீழே போனால், எதிர்ச் சக்கரத்தின் நுனி இந்தப் பல்லின் அடியில் போய் இடிக்கும். அடியைக் குடைந்து இடம் விடலாம், ஆனால் பல் இடுப்பு மெலிந்துபோகும். மென்பொருளில் பல்லை வெளியேயோ உள்ளேயோ தள்ளும் ஷிஃப்ட் என்கிற பெட்டியை நான் அதுவரை தொட்டதே இல்லை. 17-க்கு இரண்டு குறைகிறது, இரண்டைப் பதினேழால் வகுத்தால் 0.12. 15-க்கு 0.12 கூட்டு, 90-க்கு அதே 0.12 குறை என்றாய். சின்னதன் பல் கொஞ்சம் வெளியே தள்ளி வளைவின் நல்ல பகுதியில் அமைந்தது. அச்சுகளின் இடைவெளி முன்பு போலவே 78.75. அந்த ராத்திரி இடி நின்றது.

அந்த வளைவு எது என்று எனக்கு விளங்கவைத்தது அம்மா, அவருக்கே தெரியாமல். இன்வால்யூட் என்கிறார்கள், 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் பல்லுக்கு இந்த வடிவத்தைச் சொன்னார் என்றும் படித்தேன். படத்தைப் பார்த்துத் தலையில் ஏறவில்லை. அம்மா நாற்பது வருஷம் தார் (தறி நாடாவில் போடும் நூல் குழல்) சுற்றியவர். ஒரு தாரை எடுத்துக் காகிதத்தில் நிறுத்தி, நூல் நுனியில் பென்சிலைக் கட்டி, பிரித்துக்கொண்டே கோடு போட்டேன். கோடு கோணலாகப் போனது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "தொளதொளன்னு விடாத கண்ணு, இழுத்துப் புடி" என்றார். இழுத்துப் பிடித்தேன். பல்லின் பக்கம் காகிதத்தில் வந்தது. நூல் எப்போதும் விறைப்பாக, தாரைத் தொட்டபடி போவதால்தான் பல்லுக்குப் பல் தள்ளும் திசை மாறுவதில்லை. அச்சுத் துளைகளைக் கால் மில்லி தள்ளிப் போட்ட என்னைப் போன்றவர்களுக்கும் இந்த வளைவு கருணை காட்டுகிறது: இடைவெளி சற்றுக் கூடினாலும் சுற்று விகிதம் கெடாது.

சூலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர், சாக்கு நிறைய ஹைலம் ஷீட் (பிசின் ஏற்றிய கெட்டித் தகடு) துண்டுகளைச் சும்மா கொடுத்தார். ஏழு சக்கரமும் அதில்தான். வெட்டும்போது வருகிற நாற்றத்தைச் சகித்த என் மனைவிக்கும், ராத்திரி பதினோரு மணிச் சத்தத்தைச் சகித்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே வரிசையில் நன்றி. மெஷின் விற்ற கடை, விற்ற பிறகு போனை எடுக்கவில்லை, பேர் வேண்டாம்.

திருப்பூர் நண்பருக்கு ஒரு தனி வரி. ஏழில் முதல் சக்கரமான, ஒரு பக்கம் மட்டுமே சுற்றும் ராட்செட்டின் பல் சாய்ந்த ரம்பப் பல். கியர் மென்பொருள் அதை வரையாது. இங்க்ஸ்கேப் என்கிற படம் வரையும் மென்பொருளில் போட்ட உங்கள் பழைய படத்தைக் கொடுத்தீர்கள், 48 மி.மீ. விட்டம். நான் திறந்து வெட்டினால் 45. ஸ்கேல் வைத்துப் பார்த்தவர்கள் எல்லாம் என் மெஷினைத்தான் குறை சொன்னார்கள். நீங்கள்தான் படம் வரைந்த வருஷத்தைக் கேட்டீர்கள். 2017-இல் வந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்பதை 96 ஆக மாற்றிவிட்டார்கள். பழைய படம் புதியதில் பதினாறில் ஒரு பங்கு சுருங்கும். 48-இல் பதினாறில் ஒன்று மூன்று.

ஃப்ரீகேட்டை 2002 முதல் வளர்த்துக் கொடுத்துவருபவர்களுக்கும், 2009-இல் ஜிஆர்பிஎல் என்கிற மெஷின் இயக்கும் நிரலை எழுதி, சின்ன அர்டுயினோ பலகையில் என்னைப் போன்றவன் மெஷின் ஓட்ட வழிசெய்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட்டுக்கும் சோமனூரிலிருந்து ஒரு கும்பிடு.

கடைசியாக, கருமத்தம்பட்டித் தறி மேஸ்திரிக்கு. எல்லாம் மாட்டி முடித்தபின் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு கணக்கு. பழைய தறியில் துணி இழுக்கும் ரோலரையே ஒரு துண்டு அறுத்து மாட்டியிருந்தேன். அதன் சுற்றளவு 15 அங்குலமும் அரை நூலும். ஒரு சுற்றுக்கு 712 பிக்; பிக் என்றால் குறுக்கே விழும் ஒரு ஊடை நூல், கைப்பிடியின் ஒரு சுற்று ஒரு பிக். 712-ஐ அந்தச் சுற்றளவால் வகுத்தால் அங்குலத்துக்கு 47.3 பிக். ஆனால் துணியின் நெருக்கத்துக்குத் தக்க மாற்றிப் போடும் சேஞ்ச் வீல் 48 பல் போட்டால் 48 பிக் நெய்யும் என்று குழந்தையும் சொல்லும் ஊர் இது. மீதி 0.7 எங்கே? பல்லை எண்ணினேன், படத்தை அளந்தேன், அம்மணியை எழுப்பினேன். அவள் கணக்கும் 47.3. யாரோ 88 போட வேண்டிய இடத்தில் 89 போட்டுவிட்டார்கள் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். அப்படிப் போட்டுப் பார்த்தால் இன்னும் குறைந்தது, அது வேறு.

நீங்கள் டீ டம்ளரை வைத்துவிட்டு, "தறியில இருக்கறப்ப 47.3 தானுங்க. துணி கீழ எறங்குனா இழுப்பு விட்டுப் போகுமில்ல? சுருங்கும். சுருங்குனா 48" என்றீர்கள். நூற்றுக்கு ஒன்றரை சுருங்கும் என்று பார்த்து, அதையும் சேர்த்துச் சக்கரத்தில் பல் வைத்திருக்கிறார்கள். 47.3-ஐ அந்த ஒன்றரை சதவீதம் கூட்டிப் பார்த்தேன். 48 வந்து நின்றது. யாரோ தப்பாகப் போட்டதென்று நான் திட்டிய 89-இல் சலவைக்குப் போகாத காடாத் துணியின் சுருக்கம் உட்கார்ந்திருக்கிறது. எந்த மென்பொருளிலும் அதற்குப் பெட்டி இல்லை.

ஞாயிறு 712 எண்ணி முடித்ததும் அப்பா சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சேஞ்ச் வீல் தறியில் இல்லை, எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். 48 நானாகப் போட்டது. அவர் அதை மட்டும் இரண்டு தரம் எண்ணினார்.

"நாம ஓட்டுனது 52 டா."

52 போட்டால் அச்சு இடைவெளி 63-லிருந்து 66 மி.மீ. ஆகும். நான் துளையை 63-இல் நிலையாகப் போட்டுவிட்டேன். தறியில் அந்த அச்சு மட்டும் ஆடுகிற கையில் ஏன் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மணி, பரீட்சை முடிந்ததும் ஒரு போன் பண்ணு. 89-இன் அச்சை மையமாக வைத்து, 84.75 மி.மீ. ஆரத்தில், வளைவாக ஒரு காடி வேண்டும்.

நன்றியுடன்,
சோமனூர்த் தறிக்குடோன்காரர் மகன்