இரண்டாவது குழாய்க்கு நிலம் கேட்பதற்கு முன்

பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தினருக்கும், எண்ணெய் நிறுவனங்களில் குழாய்த் திட்டங்களை வகுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

பெட்ரோலும் டீசலும் செல்லும் குழாய்களின் பம்ப் நிலையங்களில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் திறன் போதவில்லை என்று, அதே தடத்தில் இன்னொரு குழாய் பதிக்க உழவரிடம் நிலம் கேட்கும் முன், உராய்வைக் குறைக்கும் பாலிமரைச் சேர்த்தால் பழைய குழாயிலேயே எவ்வளவு கூடுதலாக அனுப்பலாம் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கைப் பொதுவில் வையுங்கள்.

நிலத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலியக் குழாய்களுக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழாய் செல்லும் பட்டையில் எடுக்கப்படுவது பயன்பாட்டு உரிமை மட்டுமே. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் அவர் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, ஒரு தென்னங்கன்றுகூட வைக்கக் கூடாது. பயிருக்கும் மரத்துக்கும் ஏற்படும் சேதத்துக்கான இழப்பீடு போக, இந்த உரிமைக்காகச் சட்டம் தரச் சொல்வது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. தோப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது ஈடாகாது என்பதை, நிலம் அளக்கப் போன இடங்களில் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இனி பாலிமருக்கு வருகிறேன். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியோடு நூலாக இழுபடுகிறதே, அந்தக் கொழகொழப்பு நீண்ட மூலக்கூறுகளால் வருவது. எரிபொருள் குழாய்க்குப் பயன்படுவதும் அத்தகைய நீளமான மூலக்கூறுதான். எண்ணெயில் கரையும் பாலி ஆல்பா ஓலிஃபின் வகையைச் சேர்ந்த இதன் மூலக்கூறு எடை பல லட்சங்களைத் தாண்டிக் கோடிக் கணக்கில்கூட இருக்கும். வேகமாக ஓடும் டீசல் குழாய்ச் சுவரை ஒட்டிச் சிறு சிறு சுழல்களாகக் குமுறுகிறது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தின் பெரும்பகுதி அந்தக் குமுறலிலேயே கரைந்துபோகிறது. சங்கிலி போன்ற இந்த நீண்ட மூலக்கூறுகள் அங்கே இழுபட்டு விரிந்து, சுழல்கள் கிளம்புவதை அடக்குகின்றன. அக்ரிலிக் தகடு செய்யும் பாலிமரைக் குளோரோபென்சீனில் கரைத்துக் குழாயில் ஓடவிட்ட டாம்ஸ் என்ற ஆய்வாளர் இந்த விளைவைக் கண்டு, 1948இல் அறிவித்தார். 1979இல் அலாஸ்காவை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் சுமார் 1,290 கிலோமீட்டர் நீளக் கச்சா எண்ணெய்க் குழாயில், பம்ப் நிலையங்கள் எல்லாம் கட்டி முடிவதற்கு முன்பே இத்தகைய பாலிமரைச் செலுத்தி ஓட்டத்தைக் கூட்டினார்கள். ஆகவே இது சோதித்துப் பார்க்க வேண்டிய புதுச்சரக்கு அல்ல. நம் நாட்டுக் குழாய்களிலும் பழகிய பொருள்தான்.

அளவும் மிகக் குறைவு. 10 லட்சம் பங்குக்கு 10 பங்கு என்று வைத்துக்கொண்டால், 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிக்கு 120 மில்லிலிட்டர், அதாவது ஒரு காபி டம்ளர் அளவு. உராய்வு இழப்பு 30 விழுக்காடு குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓட்டம் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடும். பாதியாகக் குறைந்தால் 46 விழுக்காடு வரை கூடும். குழாய்ச் சுவரும் பற்றவைப்பும் தாங்கும் அழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால், பெரிய பம்ப் வைத்து இந்தக் கூடுதலைப் பெற முடியாத இடங்கள் பல. அங்கேதான் இது கைகொடுக்கிறது.

பாலிமரைக் குறை கூறுவோரின் அனுபவத்தையும் நான் ஒதுக்கவில்லை. நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில், பாலிமர்த் துகள்கள் ஒரு திரவத்தில் மிதக்கும், பால்போல் வெண்மையான குழம்பை இருப்புத் தொட்டியில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டிய கலக்கி பழுதாகி, இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. பாலிமர்த் துகள்கள் பிரிந்து மேலே ஏடாகத் திரண்டுவிட்டன. பாலிமரைச் செலுத்தும் சிறு பம்ப் அடியிலிருந்து இழுத்துக் குழாய்க்குள் அனுப்பியதெல்லாம், துகள்களைத் தாங்கியிருந்த வெறும் திரவம். அழுத்தமானியின் முள் அசையவே இல்லை. சரக்கு உதவாது என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். தொட்டியின் மூடியைத் திறந்து, கரண்டியால் அந்த ஏட்டைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மை விளங்கியது. அந்தக் குறிப்பு மட்டும் திருத்தப்படவே இல்லை.

அதேபோல, பம்புக்கு முன்னால் செலுத்தினாலும் பயன் இராது. பம்புக்குள் வேகமாகச் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தின் வெட்டில் சங்கிலிகள் அறுந்துவிடும். அறுந்தவை மீண்டும் சேர்வதில்லை. ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் பம்பைக் கடந்த பிறகு புதிதாகச் செலுத்தியாக வேண்டும். அந்தச் செலவு கணக்கில் ஏற வேண்டும். மெதுவாக, சுழல்களே இல்லாமல் வரிச்சீர் ஓட்டமாக நகரும் கெட்டியான எண்ணெய்க்கு இது பயன்படாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. விமான எரிபொருளில் இந்தப் பாலிமர் அனுமதிக்கப்பட்ட சேர்க்கை அல்ல; அது வடிகட்டியை அடைக்கவும், எஞ்சினில் எரிபொருள் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுவதைக் கெடுக்கவும் கூடியது. டீசலுக்குப் பின்னால் விமான எரிபொருள் அதே குழாயில் வருமானால், செலுத்துவதை எப்போது நிறுத்துவது, இரண்டு எரிபொருளும் சந்திக்குமிடத்தில் உண்டாகும் இடைக்கலவையை எங்கே பிரித்தெடுப்பது, பாலிமர் செலுத்தும் வழியில் மூடிய வால்வு கசியவில்லை என்பதை யார் கையெழுத்திட்டு உறுதிசெய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் காக்க முடியாத தடத்தில் இரண்டாவது குழாய்தான் வழி என்றால், நானே அதை ஆதரிப்பேன். ஆனால் அந்தக் காரணத்தை நிலம் கொடுப்பவருக்குச் சொல்லியாக வேண்டும்.

நிலத்துக்கான அறிவிப்பு வந்தபின் எதிர்ப்பைப் பதிவு செய்ய உழவருக்குக் கிடைப்பது 21 நாள். பாலிமர் இல்லாமல் எவ்வளவு ஓட்டம், பாலிமருடன் எவ்வளவு, ஆண்டுக்கு அதற்கு என்ன செலவு, புதிய குழாய்க்கு என்ன செலவு, எந்தக் காரணத்தால் பாலிமர் போதவில்லை என்ற விவரங்கள் ஒரே பக்கத்தில் அடங்கும். அந்தப் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு, 21 நாளின் முதல் நாளிலேயே கிராம நிர்வாக அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் நிலையப் பொறியாளர் ஒருவர்